கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள்

மொன்றியலில் அது எங்களுக்கு முதல் குளிர்காலம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுக் குப்பைப் பையோடு பின்பால்கனிக்கு வந்தேன். மூன்றரை வயது மகள் உள்ளேயிருந்து கதவைத் தள்ள, அது பூட்டிக்கொண்டது.

"பிள்ளை, அந்தப் பிடியைத் திருப்புங்கோ," என்று கண்ணாடியில் தட்டினேன்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கதவைத் தொட்டா அடி விழும் எண்டு சொன்னனீங்கள்."

"இப்ப தொடலாம். அம்மாதானே சொல்லுறன்."

"மாட்டன். பேந்து அடிப்பீங்கள்."

எண்ணெய் புகையத் தொடங்கியது. நான் கத்தினேன். அவள் பயந்து அடுப்புப் பக்கமாகப் பின்வாங்கினாள்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பெண் பின்படியால் ஓடிவந்தாள். ஸ்பானிஷ் பேசும் தீவொன்றிலிருந்து வந்தவள்; அவளுடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போல அரைகுறைதான். என்னை விலக்கிவிட்டுக் கண்ணாடியருகே குந்தினாள். கையால் திருப்பிக் காட்டி, சிரித்தபடி, "துர்ன், மா பெல், துர்ன்," என்றாள். திருப்பு செல்லமே, என்று பிரெஞ்சில் சொன்னாள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டெரியில் மகள் தினமும் கேட்கும் மொழி அது. மகள் தயங்காமல் வந்து, இரண்டு கைகளாலும் பிடியைத் திருப்பினாள்.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். மகளோ தான் கதவைத் திறந்ததை அந்தப் பெண்ணிடம் பிரெஞ்சில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரெஞ்சு வந்து அவளுடைய தமிழை விழுங்கிவிடும் என்று பயந்தவள் நான். தொடாதே, ஓடாதே, ஏறாதே என்று அவளைக் காப்பாற்றத்தான் சொல்லிவந்தேன். ஒன்றைச் செய்து பார் என்று தமிழில் எப்போதாவது சொன்னேனா என்று யோசித்தேன். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.