நைஸ்

எனக்குப் பதினோரு வயது ஆனபோது அப்பா கோயமுத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து பெரிய ஆங்கில அகராதி ஒன்றை வாங்கி வந்தார். கோபிசெட்டிபாளையத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த அவருக்கு, மகள் ஆங்கிலம் படிப்பதில் அப்படியொரு பெருமை. ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியிலிருந்து வந்தது, முன்பு அதற்கு என்ன பொருள் என்றெல்லாம் அதில் போட்டிருக்கும். நான் தினம் ஒரு சொல்லை மனப்பாடம் செய்து, வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து ஒப்பிப்பேன். பாவம், கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்க வேண்டும்.

அப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பத்தாவதில் ஆங்கிலத்தில் நாலு மார்க்கில் தவறிப்போனவள். மறுபடி எழுதச் சொல்லியும் எழுதவில்லை. தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கை அவ்வளவு சுத்தம். எங்கள் டி.வி.க்கு அவள் தைத்த உறையில் இரண்டு கிளிகள் உட்கார்ந்திருக்கும். டி.வி. போடாத நேரத்திலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்த வருடம் ஆவணியில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சரவணம்பட்டிப் பக்கம் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். கூட அவருடைய அம்மாவும் அக்காவும். அவர் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. கை நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

அக்காதான் கேட்டார். “ஏனுங்க அம்மணி, எது வரைக்கும் படிச்சிருக்கறீங்க?”

“பத்தாவதுங்க. இங்கிலீசுல போயிருச்சுங்க” என்றாள் அத்தை.

அம்மா முறுக்குத் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள். அப்போது மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். டி.வி. உறையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். “நைஸ்” என்றார். அன்று அவர் பேசியது அந்த ஒரு சொல்தான்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அத்தை என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டாள்.

“கண்ணு, மாவு நைசா இருக்குதும்போம். நைசாப் பேசி ஏமாத்திப்போட்டான்னும் சொல்லுவாங்க. அவரு சொன்னது எந்த நைஸு?”

என்னிடம் ஒருவர் தானாக வந்து அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துப் பிரித்தேன். லத்தீனில் அறியாதவன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கிலத்தில் முதலில் முட்டாள் என்று பொருள். எனக்கு உடம்பே சிலிர்த்துப்போனது. எப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பு!

“முட்டாள்னு அர்த்தமுங்கத்தை!”

“நெசமாவா?”

“புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்க. இதா பாருங்க.”

அவள் குனிந்து பார்த்தாள். நான் விரல் வைத்த இடத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டாள். அதற்குக் கீழே வேறு பொருள்களும் இருந்தன. கூச்சமுள்ள, நுணுக்கமான, இனிமையான, அழகான. அவை எல்லோருக்கும் தெரிந்தவைதானே என்று நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா அபிப்பிராயம் கேட்டார். “வேண்டாமுங்ணா” என்றாள் அத்தை. ஏன் என்று எத்தனையோ விதமாகக் கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அப்பா வற்புறுத்தாமல் சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால், காரணம் சொல்லாத பெண்ணுக்கு வீட்டில் இருப்பவர்கள் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தையல் வகுப்புக்குப் போகிற வழியில் யாரோ இருக்கிறான் என்று அம்மா சந்தேகப்பட்டாள். வகுப்பு நின்றது. அடுத்த பல மாதங்கள், அத்தை கோவிலுக்குப் போனாலும் துணைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். நான் வழியெல்லாம் அவளுக்குப் புதுச் சொற்களின் அர்த்தம் சொல்லிக்கொண்டே போனேன்.

இரண்டு வருடம் கழித்து கொடுமுடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மாமா நல்லவர், ஒரு நாளும் அவளைக் குறை சொன்னதில்லை, நன்றாயிருக்கிறது என்று எதையும் சொன்னதுமில்லை.

நான் கல்லூரி முடிக்கிற வருடம் அங்கே போயிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டே அத்தைதான் பேச்சை எடுத்தாள்.

“அந்தப் பட்டறைக்காரரு எல்லாரு முன்னாலயும் என்னை முட்டாள்னாரே, நீ மட்டும் படிச்சுக் காட்டலீன்னா நான் பல்லைக் காட்டிக்கிட்டுச் சரின்னிருப்பேன்” என்று சிரித்தாள்.

அது பல நூறு வருடத்துக்கு முந்தைய அர்த்தம் என்றும், இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை என்றும், கீழே அழகு என்றும் போட்டிருந்தது என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவள் கை நின்றது.

“அதை ஏங்கண்ணு படிக்கலே?”

கோபமாகக் கேட்கவில்லை.

பெண் பார்த்த அன்று கொல்லையில் அவள் பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல், முகமெல்லாம் சிவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அர்த்தம் அவளுக்கு ஏறக்குறையத் தெரிந்தே இருந்திருக்கும். “உங்களைப் புடிச்சிருக்குதுன்னு சொன்னாருங்கத்தை” என்று இன்னொருவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியவில்லை. அகராதி கனமாக இருந்ததால் கல்லிலிருந்து சரியாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவளும் பிடித்துக்கொண்டாள்.