தம்பிக்குத் துண்டு வெட்டிய நாள்: வவுனியாவில் இருந்து இரணைமடு வாய்க்கால் வரை

இரண்டாயிரத்து நாலு ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, கிளிநொச்சிப் பக்கம் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. என் தம்பி குமரனை ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வரப் போனேன். ஒன்பது நாளுக்கு முன்னால் வயல் வாய்க்காலடியில் தண்ணிச் சண்டை. பக்கத்து வயல்காரர் ரத்தினம் மண்வெட்டிப் பிடியால் அடித்ததில் தம்பிக்கு மண்டையில் பதினொரு தையல், வலது கை முறிவு.

காயத்தை நினைத்துக்கூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. "துண்டு வெட்டட்டும், நேரே போய் அவன்ரை ரெண்டு கையையும் முறிக்கிறன்" என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தான். துண்டு வெட்டுவது என்றால் நோயாளியை வீட்டுக்கு விடுவது. இவனோ தனிக்கட்டை, பிடித்து வைக்க வீட்டில் ஆள் இல்லை. சின்ன வயதில் இருந்தே சொன்னதைச் செய்துவிட்டுத்தான் சாப்பிட வருவான்.

காலை ஆறு பத்துக்கு வவுனியாவில் பஸ். ஓமந்தை ராணுவச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை, பை, பைக்குள் இருந்த பை எல்லாம் காட்டி, நடந்து, அங்கால் இயக்கத்தின் சாவடியிலும் அதே சடங்கு. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நாற்பது நிமிடம். முதல் முறை போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அரசாங்கம் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியபோது இயக்கத்தின் கையில் இருந்த வன்னி தள்ளவில்லை. இங்கே ஆறு மணி என்றால் அங்கே ஐந்தரை. நான் பஸ்ஸுக்குள்ளேயே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கொழும்பு ஆளுக்கும் வைத்துக் கொடுத்தேன், பெரிய அனுபவசாலி மாதிரி!

மாங்குளத்தில் ஒரு தேத்தண்ணி. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது வன்னி நேரம் பத்து ஐந்து. ஆஸ்பத்திரியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், எழுதவில்லை.

தம்பியின் கட்டிலடியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மிஸி, அதாவது தாதி, கதிரை போட்டு இருந்தா. புஸ்பா மிஸி என்று எல்லாரும் கூப்பிடுகிறார்கள். ஊசி மருந்து ஒன்றும் கையில் இல்லை, ஒரு கொப்பி மட்டும்.

"வாங்கோ, நீங்கள்தானே அண்ணை? அடிபட்டு, வெட்டுப்பட்டு வாற பெரியாக்களுக்கெண்டு இஞ்சை ஒரு வேலை நடக்குது. இந்தக் காயத்தை டொக்டர் தைப்பார். அடுத்த காயம் வராமப் பாக்கிறது என்ரை வேலை. முந்தி ஒருத்தனைத் தைச்சு அனுப்ப, அடுத்த கிழமை மற்றவனைத் தூக்கிக்கொண்டு வருவினம்."

அவா ஒவ்வொரு நாளும் வந்து தம்பியைக் கதைக்க விட்டிருக்கிறா. சைக்கிளில் ரத்தினம் வீட்டுக்கும் இரண்டு தரம் போயிருக்கிறா. "அந்தாள் வயலுக்குப் போறேல்லை. குமரன் வருவான் எண்டு கதவுக்குப் பின்னாலை கத்தியோடை படுக்குது" என்றா. கொப்பியைப் பிரித்துத் தொடர்ந்தா.

"ஒரு விசயந்தான் எனக்குப் பிடிபடேல்லை. காலமை ஆறு மணி வரைக்கும் ரத்தினத்தின்ரை தண்ணி, ஆறுக்குப் பிறகு குமரன்ரை. ஆறு ஆகமுந்தித் தண்ணியை அடைச்சவன் எண்டு அவர் சொல்லுறார். ஆறு மணி ஆச்சுதெண்டு இவர் சத்தியம் பண்ணுறார். ரெண்டு பேரும் பொய் சொல்லுற மாதிரித் தெரியேல்லை."

"ஆறு ஒண்டுக்கு அடைச்சனான், மிஸி! பாத்துத்தான் அடைச்சனான்!" என்று தம்பி கட்டிலில் எழும்பிவிட்டான்.

அப்போது துண்டோடு அவனுடைய உடைமைகளையும் கொண்டு வந்து தந்தார்கள். சாரம், செருப்பு, மணிக்கூடு. ஒன்பது நாளும் அது பைக்குள் கிடந்திருக்கிறது. சுவர் மணிக்கூட்டில் பத்து இருபது. தம்பியின் மணிக்கூட்டில் பத்து ஐம்பது.

"இது பிழையாக் காட்டுது" என்றா மிஸி.

"பிழையில்லை, புதுசு. அண்ணை கொண்டு வந்து தந்தது" என்றான் தம்பி.

சண்டைக்கு இரண்டு நாள் முன்னால் நான்தான் வவுனியாவில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரன் வைத்த வவுனியா நேரம், வன்னிக்கு அரை மணி முன்னுக்கு. "சரியான நேரம் வச்சிருக்கு, கை வைக்காதை" என்று புத்தி வேறு சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கட்டிப்போட்ட தலையைப் பார்க்கப் பார்க்க மனம் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

தம்பி மணிக்கூட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப, நான்தான் அவரின்ரை தண்ணியை அடைச்சனானோ?"

"ஓம். அரை மணித்தியாலம்" என்றா மிஸி.

"அதுக்கு மண்டையைப் பிளக்கிறதோ?"

"அது பெரிய பிழை. அதை அவரும் சொல்லுறார். உமக்குக் கோவம் இருக்கும், இருக்கட்டும். இண்டைக்கு என்ன செய்யப் போறீர் எண்டதுதான் என்ரை கேள்வி."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். மிஸியும் எங்களோடு ஓட்டோவில் ஏறினா. தம்பி வீட்டுக்கு ஒன்பது கிலோமீற்றர், முந்நூற்றைம்பது ரூபா. "அண்ணை, அடிபாடெண்டா நான் ஓட்டோவைத் தூரத்திலை விட்டிடுவன், இப்பவே சொல்லிப்போட்டன்" என்றான் ஓட்டோக்காரன். நல்ல ஆறுதல்!

வாய்க்கால் திருப்பத்தில், கெட்ட காலத்துக்கு, ரத்தினம் நின்றார். ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் வயலுக்கு வந்திருக்கிறார். கையில் மண்வெட்டி. எங்களைக் கண்டதும் அதை நெஞ்சோடு பிடித்தார். "நிப்பாட்டு" என்றான் தம்பி. நான் அவன் சட்டையைப் பிடித்தேன், உதறிவிட்டு இறங்கினான். மிஸி அவனுக்குப் பக்கத்தில் நடந்தா.

"ரத்தினண்ணை, அண்டைக்கு என்ரை மணிக்கூடு பிழை. அஞ்சரைக்கு அடைச்சுப்போட்டன்."

ரத்தினம் தம்பியின் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டார். "கை எப்பிடி?"

"ஆறு கிழமை செல்லுமாம்."

"அப்ப உன்ரை வயலுக்கு ஆர் தண்ணி கட்டுறது?"

"தெரியாது."

"நான் கட்டுறன்."

அவ்வளவுதான். நான் ஓட்டோவுக்குள் இருந்து அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். மிஸி கொப்பியில் ஏதோ குறித்தா. அடுத்த கிழமையும் வருவேன், ரெண்டு வீட்டுக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டு அதே ஓட்டோவில் திரும்பிப் போனா.

போகிறவர்களுக்குச் சில விசயம். ஏழு மணிக்கு முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள், பிந்தினால் ஓமந்தையில் வெயிலில் வேக வேண்டும். மண்டையோட்டுப் பலகை இருக்கிற பக்கம் ஒதுங்கவும் இறங்காதீர்கள், மிதிவெடி இன்னும் கிடக்கிறது. சண்டையில் காயப்பட்ட ஆளைக் கூட்டி வரப் போனால், துண்டு கிடைத்த உடனே ஓடி வராதீர்கள். இப்படி ஒரு மிஸி அங்கே இருக்கிறாவா என்று கேளுங்கள். கதைத்து முடியும் வரை ஒரு பஸ் போனால் போகட்டும்.

நான் வெள்ளிக்கிழமை திரும்பினேன். புறப்பட முன்னம் விடிய வயலுக்குப் போனோம். சொன்னபடி ரத்தினம் வந்து, தன் வயலை அடைத்து, தம்பியின் வயலுக்குத் தண்ணியைத் திருப்பினார். வரம்பில் ஏறி நிமிர்ந்தவர், தேத்தண்ணி இருக்கோ என்று கேட்டார். தம்பி போத்தல் மூடியை ஒற்றைக் கையால் திருகிப் பார்த்தான், ஏலவில்லை. நான் கிட்ட நின்றும், திறக்கச் சொல்லி அவரிடம்தான் நீட்டினான்.