பல்லாவரம் வருவதற்குள்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியதுமே, ஹம்பியில் எடுத்த படங்களில் மங்கலானவற்றைக் கேமராவிலேயே அழிக்கத் தொடங்கினேன். எதிரே இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் கையிலும் கேமரா இருந்தது; முழங்கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று உள்ளங்கையை நீட்டி என்னைத் தடுத்தார். பதற்றத்தில் படமெடுக்கும் பொத்தானில் என் விரல் அழுந்தி ஒரு படம் பதிவாகிவிட்டது.

"இத்துனூண்டு ஸ்கிரீன்ல பாத்து அழிக்காதீங்க சார். வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்ல பெருசாப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

சொல்லிவிட்டுத் தன் கேமராவைக் குனிந்து பார்த்தார். அவர் கட்டைவிரல் அழிக்கும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

"நீங்க மட்டும் அழிக்கிறீங்களே சார்?"

"பெருசாப் பாத்தா எனக்கு ஒண்ணக்கூட அழிக்க மனசு வராது. வீட்ல ஏற்கெனவே நாலு ஹார்ட் டிஸ்க் ரொம்பிக் கெடக்கு. அதான், பல்லாவரம் வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்."

குரோம்பேட்டை தாண்டியதும் அந்த விரல் இன்னும் வேகமெடுத்தது. பல்லாவரத்தில் இறங்கும்போதும் அவர் நிமிரவில்லை.

வீட்டில் படங்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். கடைசிப் படத்தில் அவருடைய உள்ளங்கை, ரேகைகூடத் தெரியாத மங்கலில், திரை முழுக்க நின்றது. அழிக்க மூன்று முறை முயன்றேன். இன்னும் இருக்கிறது.