கோடில்லாத அணில்கள்

மலையணிலின் மூத்திரத்தைப் போல நாறும் பொருள் வேறொன்று இருந்தால் அதை நான் இன்னும் முகர்ந்ததில்லை. இரண்டை ஏழு மாதம் வீட்டுக்குள் வைத்து வளர்த்தவள் நான். சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு.

போடிக்கு ரயில் வராத காலம் அது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோருக்கு என் வீட்டுக்காரர் பொறுப்பாக இருந்தார். ஆடிக் காற்றில் முறிந்து விழுந்த ஒரு மரத்தின் கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகளைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தார். ஒன்று ஆண், ஒன்று பெண். கண் திறக்காத, மயிர் முளைக்காத சதைத்துண்டுகள். பார்த்ததும் குமட்டியது. இருந்தும் ஆட்டுப்பாலில் துணித்திரியை நனைத்து வாயில் வைத்தேன், உறிஞ்சின. அதோடு மாட்டிக்கொண்டேன்.

பூனை அளவுக்கு வளர்ந்தன. கூரைப் புல்லைப் பிய்த்தன. சோற்றுப் பானையில் மயிர் மிதந்தது. என் கூறைச்சேலையைக் கடித்துக் குதறி அதன் மேலேயே பெய்து வைத்தன. பெண் கொஞ்சம் முரடு, அந்நிய ஆளைக் கண்டால் உறுமும். ஆணுக்கு அந்த ரோசமும் கிடையாது. வாசலில் யார் வந்தாலும் தோளில் ஏறி உட்கார்ந்து காதை நக்கும்.

ஏலக்காயைக் கடிக்கிற அணில்களை அடிக்கத் தோட்டத்தில் ஒரு காவல்காரர் இருந்தார். கீழே சிலமலை என்ற ஊர்க்காரர். நெற்றியில் நாமம், கையில் உண்டைவில். மண் உருண்டையை வைத்து இழுத்துவிட்டால் குறி தப்பாது. ஒரு நாள் எங்கள் ஆண் அணிலின் தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"நல்லா கறி வச்சிருக்கு தாயி."

"ராமரு தடவிக்குடுத்த சாதியத் திம்பீகளாண்ணே?"

"அது நம்ம ஊரு அணிலு. முதுகுல மூணு கோடு கெடக்கும், அதத் தொட்டாப் பாவம். இதுக்கு எங்க இருக்கு கோடு? அம்புட்டு அணிலும் பாலம் கட்டயில இது மலையில ஒளிஞ்சுக்கிட்டுக் கெடந்திருக்கு. சோம்பேறிச் சாதி. திங்கலாம்."

வேடிக்கைக்குச் சொன்னதல்ல. தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் அதுதான் சட்டம். அடிபட்டு விழுந்ததைப் புரட்டி முதுகைப் பார்ப்பார்கள். கோடு இல்லை என்றதும் 'ராமா ராமா' என்று சொல்லித் தோலை உரிப்பார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். நானும் கறி தின்கிறவள்தான். ஆடோ கோழியோ என்றால் வாய் திறக்க மாட்டேன். கடவுளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தின்பதுதான் எனக்கு அருவருப்பு.

மாசி வந்தது. காய் எடுப்பு முடிந்துவிட்டது. கோடைமழைக்கு முன் கீழே இறங்காவிட்டால் மலைக்காய்ச்சல் ஆளைக் கொண்டுபோய்விடும். அணில்களை என்ன செய்வது? போடி வெயிலில் கூண்டுக்குள் ஒரு மாதம் தாங்காது. காட்டில் விட்டாலோ, மனிதன் என்றால் பால் என்று நினைத்திருக்கும் இரண்டும் உண்டைவில்லுக்கு முன்னால் போய் நிற்கும்.

"அடிச்சு வெரட்டு," என்றார் என் வீட்டுக்காரர். "மனுசன்னா பயம் வந்தாத்தான் பொழைக்கும். இல்லேன்னா நாளைக்கே கொழம்புதான்."

அவர் சொல்வது சரியாக இருக்கும்போதுதான் அவர் மேல் எனக்குக் கோபம் அதிகமாக வரும்.

விளக்குமாற்றை எடுத்தேன். பால் கொடுக்கக் கூப்பிடுகிற அதே குரலில் பெண் அணிலைக் கூப்பிட்டேன். வந்தது. அடித்தேன். விலகிப் போய் மறுபடி வந்தது. மறுபடி அடித்தேன். மூன்றாம் முறை என் விரலைக் கடித்துவிட்டு மரத்துக்குத் தாவியது. பிறகு எவ்வளவு கூப்பிட்டும் இறங்கவில்லை. விரலில் ரத்தம் கொட்டியது, மனசு கொஞ்சம் ஆறியது.

ஆணுக்கும் ஒன்று வைத்தேன். ஓடவில்லை. விளக்குமாற்றின் வழியே ஏறி வந்து என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதற்கு மேல் கை வரவில்லை. பெண்ணைப் பார்த்துத் தானாகப் பயம் கற்றுக்கொள்ளும் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு, தோட்டத்துக்கு மேலே காட்டத்தி மரம் ஒன்றில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மூன்றாம் நாள் காலை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். காவல்காரர் வந்தார். கையில் ஓர் இலைப்பொட்டலம்.

"வில்லையே எடுக்கல தாயி. தானா வந்து தோள்ல ஏறுச்சு," என்றார். என்னிடம் நீட்டினார். "வேட்டை நாய வளத்தவனுக்கே பங்கு உண்டு. வளத்த வீட்டுக்குக் குடுக்காம நான் திங்கலாமா? தொடைக்கறி. வெரசா கொதிக்க வைங்க."

அந்த முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. திட்ட வாயெடுத்தேன். என்ன சொல்லித் திட்டுவது? பயம் காட்டாமல் விட்டவள் நான்.

வாங்கிக்கொண்டேன். பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது.