‘கோ’ன்னா ஜியா, கேயா?

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் உள்ளே சாருக்குக் கேட்கும்.

உதவித்தொகைப் பிரிவு என்று பேர் வைத்தவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. உதவி ஒரு பக்கம், தொகை ஒரு பக்கம், நடுவில் பிரிவு. திருச்சியில் ஒரு காலேஜில் அந்தப் பிரிவின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறவள் நான். காலேஜ் பேர் வேண்டாம். எந்தப் பேரை வைத்தாலும் பொருந்தும். காலையில் உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். கதவைத் திறப்பேன், பெருக்குவேன், கதவுக்கு மேலே இருக்கிற பேர் போர்டைத் துடைப்பேன். ஸ்டிக்கர் எழுத்து, ஈரத்துணி பட்டுப் பட்டு ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே தமிழ், கீழே இங்கிலீஷ். இங்கிலீஷைத் துடைக்க மட்டும்தான் எனக்குத் தெரியும். என் படிப்பு ஐந்தாவதோடு சரி.

நீங்களும் ஏதோ ஒரு கவுண்டரில் “நாளைக்கு வாங்க” வாங்கிக்கொண்டு வீடு திரும்பினவர்தான். அந்த வகையில் நாம் சொந்தக்காரர்கள்.

முன்னுதாரணம்

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருப்பவர் ரங்கராஜன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, கழுத்தில் காலேஜ் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, நாமம் கலையாமல் வந்து உட்காருவார். நல்ல மனுஷர். கெட்டது செய்யவே தெரியாது. நல்லது செய்வதற்கு மட்டும் முன்னுதாரணம் வேண்டும். எந்தப் பிள்ளை என்ன கேட்டாலும், “இதுக்கு முன்னாடி இப்படி யாருக்காவது பண்ணியிருக்கா? அதைக் காட்டு, பண்றேன்” என்பார். யாருக்காவது செய்தால்தானே அதைக் காட்ட முடியும்? அது அவருக்குத் தோன்றாது.

ஒருநாள் டீ டம்ளரை வைக்கும்போது கேட்டே விட்டேன். “சார், எல்லாத்துக்கும் முன்னுதாரணம் கேக்கறீங்களே, முதமுதல்ல ஒரு ஆள் துணிஞ்சு பண்ணியிருப்பாருல்ல, அவருக்கு யாரு சார் முன்னுதாரணம்?”

சார் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: “அவர் ரிட்டயர் ஆயிட்டார்மா.”

பெருமாளின் இனிஷியல்

மலர்க்கொடி வந்தது ஒரு திங்கட்கிழமை. லால்குடிக்கு உள்ளே ஒரு ஊர். அப்பா கோவிந்தன், அடுத்தவர் வயலில் நடவு, அறுப்பு என்று போகிறவர். பெண் இரண்டாம் வருஷம் பி.காம். உதவித்தொகை வந்தால் படிப்பு. வராவிட்டால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலை. கடையில் சொல்லியும் வைத்தாயிற்று. “ஒண்ணாந்தேதி வந்துரு, யூனிபாரம் தச்சு வெச்சிடறோம்” என்று அளவுகூட எடுத்துவிட்டார்கள். கடைக்காரர்கள் சுறுசுறுப்பு. எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

விஷயம் என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் அவள் பேர் கோ. மலர்க்கொடி. இங்கிலீஷில் ஜி. மலர்க்கொடி. ஊரில் பேங்க் கணக்கு ஆரம்பித்தபோது அங்கே இருந்த ஆள் தமிழில் ‘கோ’வைப் பார்த்தார், இங்கிலீஷில் கே போட்டுவிட்டார். தப்பென்று சொல்ல முடியுமா? கோதண்டராமன் மகளாக இருந்தால் கே தானே. இப்போது கம்ப்யூட்டரில் இரண்டு மலர்க்கொடி. ஜி மலர்க்கொடிக்குப் படிப்பு இருக்கிறது, பேங்க் கணக்கு இல்லை. கே மலர்க்கொடிக்குக் கணக்கு இருக்கிறது, படிப்பு இல்லை.

“கோவிந்தனோ கோதண்டராமனோ, எல்லாம் ஒரே பெருமாள்தாம்மா. ஆனா கம்ப்யூட்டருக்கு ஜி வேற, கே வேற” என்றார் சார்.

அவள் சாரின் நெற்றியைப் பார்த்தாள். “காலையில கோயில்ல கோவிந்தா கோவிந்தான்னு கும்புட்டுட்டுத்தான சார் வந்தீங்க? ஜியில கூப்ட்டீங்களா, கேயில கூப்ட்டீங்களா?”

பேங்க் சொன்ன சுலப வழி

“கேயை ஜியா மாத்திண்டு வந்துடு” என்று சார் அனுப்பிவைத்தார். பேங்கில், ஜிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஆதார் கார்டைக் காட்டினாள். அதில் இனிஷியலே இல்லை. மலர்க்கொடி கோவிந்தன் என்று நீளமாக இருந்தது. இரண்டு மலர்க்கொடி மூன்றானாள்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கல்யாணம் ஆகும்வரை எனக்கு அப்பா இனிஷியல், அப்புறம் புருஷன் இனிஷியல். ரேஷன் கார்டில் ஒன்று, ஓட்டு அட்டையில் ஒன்று. நானே இரண்டு பேராகத்தான் சாப்பிடுகிறேன், ஒரு ஆளாகத்தான் வேலை பார்க்கிறேன்.

திரும்பி வந்தவள் என் ஸ்டூல் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “என்னடி சொன்னாங்க?” என்றேன். பேங்க் ஆபீஸர் ரொம்பப் பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாராம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பரிவாகக் கேட்டாராம்: “ஏம்மா, இத்தனை கஷ்டம் எதுக்கு, உங்கப்பா பேரை மாத்திக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன்?”

ஏழை வந்த வண்டி

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவனைப் பற்றியும் சொல்லாவிட்டால் பாவம். காட்டூர்ப் பையன். அவன் வண்டி காம்பவுண்டுக்குள் நுழைந்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடி ஆடும். அவன் கையில் இருந்த காகிதங்களைப் பார்க்க வேண்டுமே! வருமானச் சான்று, சாதிச் சான்று, எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பூப்போல. ஓர் எழுத்து பிசகில்லை. வருமானம் எங்கள் காலேஜிலேயே குறைச்சல் அவன் வீட்டில்தான். சார் ஒரே பார்வையில் ஓகே செய்துவிட்டார். அவனுக்கு நிறைய முன்னுதாரணம் இருந்தது.

“தம்பி, வண்டி புதுசா?” என்று வாசலில் கேட்டேன்.

“மாமா வாங்கிக் குடுத்ததுக்கா. மாமா வருமானத்தை இவங்க எங்க கேக்கறாங்க?”

நான் வாயைத் திறக்கலை

புதன்கிழமை இன்னொரு கண்டம். மலர்க்கொடியின் விண்ணப்பத்தைத் திறக்கவே அப்பா போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும். அப்பாவோ லால்குடி வரப்பில். போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

“அப்பா, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாரு. அதுல இருக்கற நம்பரைச் சொல்லு.”

“சொல்லக் கூடாதும்மா.”

“அப்பா, நான் மலரு!”

“தெரியுது. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு ஒரு அம்மா தினமும் போன்ல படிச்சுப் படிச்சு சொல்லுது. மக கேட்டா சொல்லலாம்னு அந்தம்மா சொல்லலையே?”

பேசிக்கொண்டே இருந்ததில் நம்பர் காலாவதி. இன்னொரு நம்பர் வந்தது, அதுவும் போனது. மறுநாள் காலையில் அந்த மனுஷர், வேலையை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நெஞ்சோடு போனை அணைத்தபடி பஸ் ஏறி வந்தே விட்டார். நம்பர் வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு, போனை மகள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவள் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். கதவு திறந்தது. பெருமூச்சு விட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்களே சாட்சிங்க. நான் வாயைத் திறந்து சொல்லல.”

மனசுக்கு ஓர் அறை

அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தபிறகுதான் அவள் கண் கலங்கியது. “நான் கடைக்கே போயிடறேன்க்கா. சேலை மடிக்கறதுக்கு இனிஷியல் வேணாம்” என்றாள். எங்கள் காலேஜில் இதற்கென்றே ஓர் அறை இருக்கிறது: மாணவர் மன அழுத்த ஆலோசனை மையம். வாசலில் சிரிக்கிற சூரியன் படம். உள்ளே உடைந்த பெஞ்சு, போன வருஷத்து விடைத்தாள் மூட்டை, ஒரு பீரோ. பீரோவுக்குப் பின்னால் ஆலோசகர் மேடம். வாரத்தில் ஒருநாள் வருவார், நல்ல வேளை அன்றைக்கு வந்திருந்தார்.

கூட்டிக்கொண்டு போனேன். மேடம் அன்பாகத்தான் சிரித்தார். ஒரு படிவத்தை நீட்டினார். “இதுல உன் பிரச்சனையை எழுதி, வகுப்பாசிரியர், துறைத் தலைவர், முதல்வர், மூணு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வந்துரும்மா. அப்புறம் மனசு விட்டுப் பேசலாம்.”

கண்ணில் தண்ணீரோடு மலர்க்கொடி சிரித்துவிட்டாள். “மேடம், இந்த மாதிரி கையெழுத்து வாங்கறதுதாங்க என் பிரச்சனையே!”

கழுத்தில் தொங்கியது

வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாயங்காலம் வெப்சைட் மூடிவிடும். கடை மூடினால் பின்பக்கமாகப் போய்த் தட்டலாம். வெப்சைட்டுக்குப் பின்பக்கம் கிடையாது. சார் கம்ப்யூட்டரில் மலர்க்கொடி பேருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி. அதற்குக் கீழே இரண்டு கட்டம்: ‘ஏற்கலாம்’, ‘நிராகரி’. ஏற்பதும் தள்ளுவதும் சார் விரலில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

“எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு” என்றார் சார். நிஜமாகவே கஷ்டப்பட்டார், முகம் வாடியிருந்தது. “ஆனா ஒரே ஆளுக்கு ஒரு இடத்துல ஜி, ஒரு இடத்துல கே. ஆடிட்ல கேட்டா நான் எதைக் காட்டுவேன்? ஒரு முன்னுதாரணம், ஒண்ணே ஒண்ணு இருந்தா...”

அவள் அழவில்லை. கெஞ்சவில்லை. “சார், உங்கப்பா பேரு என்னங்க சார்?” என்றாள்.

“கோபாலன். ஏன்?”

“கோதண்டராமன் இல்லையே?”

“என்னம்மா இது, எங்கப்பா பேரு எனக்குத் தெரியாதா? கோபாலன்தான்.”

“கொஞ்சம் வெளிய வாங்க சார்.”

என்னத்துக்கோ என்று அவரும் எழுந்து வந்தார். வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் கதவுக்கு மேலே கையைக் காட்டினாள். நான் தினமும் துடைக்கிற போர்டு. மேல் வரியில் தமிழில் கோ. ரங்கராஜன். “கீழ இங்கிலீஷ்ல முத எழுத்து என்ன சார்?”

சார் அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எத்தனையோ வருஷமாக அந்தப் போர்டுக்குக் கீழே நுழைந்து வெளியே போகிறவர். நிமிர்ந்து பார்க்க வேலையே இருந்ததில்லை. “கே” என்றார், மெதுவாக.

“முன்னுதாரணம் கேட்டீங்கல்ல சார், அது உங்க கழுத்துலயே தொங்குது.”

எல்லார் கண்ணும் சாரின் அடையாள அட்டைக்கு இறங்கியது. அதில் இருந்தது ஜி. வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல், யாரென்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்: “சார், இதுல எந்த சாருக்கு சம்பளம் வருது?”

சார் உள்ளே போனார். உட்கார்ந்தார். கண்ணை மூடி ஒரு தடவை கோவிந்தா என்றார், எந்த எழுத்தில் என்று தெரியவில்லை. பிறகு ‘ஏற்கலாம்’ கட்டத்தில் அமுக்கினார். சிவப்பு வரி பச்சையானது. அமுக்கின விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆடிட்ல கேட்டா?” என்றார்.

“என்னையும் கூப்பிடுங்க சார். நாம ரெண்டு பேருமா போய் நிப்போம்.”

அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். “ரெண்டு பேரா, நாலு பேரா?”

ஜவுளிக்கடை யூனிபாரம் வேறு யாருக்கோ போயிற்று. இத்தனை வருஷத்தில் சான்றிதழ் இல்லாமல், போனில் வரும் நம்பர் இல்லாமல், மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் எங்கள் பிரிவிலிருந்து ஒருத்தர் வாங்கிக்கொண்டு போனது ஒன்றே ஒன்றுதான்: தொகை வந்து சேர்ந்த அன்று, மலர்க்கொடி என் ஸ்டூல் மேல் ஏறி நின்று, போர்டிலிருந்து நகத்தால் உரித்து எடுத்துக்கொண்டு போன அந்தக் ‘கே’.