அப்பாவின் வண்டிச் சாவி

அப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் விரல்கள்தான் நடுங்கும். உடனே ஆணியில் தொங்கும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வாரேன்" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வந்து சாப்பிட உட்காருவார். பாதிப் பேச்சில் விட்டுவிட்டுப் போகிறாரே என்று அம்மாவுக்கு ஆத்திரமாக வரும். மீதிப் பேச்சை எங்களிடம் பேசி முடிப்பாள்.

அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் ஓர் அறை வீடு. என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா இப்படித்தான் கோபித்துக்கொண்டு வண்டியில் போனவர், திரும்பி வரவே இல்லை. அவள் அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டை தொடங்கும்போதே சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். பெரிய உபாயம் செய்துவிட்டதாக நினைப்பு.

திருவாதவூரில் சித்தப்பாவின் கல்யாணம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "எங்க அண்ணன ஒருத்தரும் வாங்கன்னு கேக்கல" என்று அம்மா தொடங்கினாள். அப்பா பதில் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து ஆணியைத் தடவினார்.

"சாவி எங்க?"

சட்டைப் பை, அலமாரி, பாய்க்கு அடியில் என்று தேடினார். அம்மா வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"இன்னைக்கு எனக்குப் பதில் சொல்லிட்டுத்தான் போகணும்."

"நகரு. சொன்னாக் கேளு, நகரு."

தம்பிக்கு அது விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "காணோம், காணோம்" என்று சிரித்தான். ஓங்கி ஓர் அறை விழுந்தது. தையல் மிஷின் முனையில் இடித்து அவன் புருவம் கிழிந்தது. அதுவரை அப்பா எங்களை அடித்ததே இல்லை.

அம்மா தம்பியை மடியில் போட்டு அலறிக்கொண்டிருந்தாள். நானே சாவியைத் தோண்டி எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். என்னை ஒரு கணம் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டார். நால்வரும் அந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கீழ விழுந்துட்டான் டாக்டர்" என்றாள் அம்மா.

"விழுகல. நான்தான் அடிச்சேன்" என்றார் அப்பா.

மூன்று தையல். வெளியே பெஞ்சில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பா தரையைப் பார்த்தபடி, "எங்கப்பா கைதான் எனக்கும். கோவம் ஏறுச்சுன்னா நிக்காது. அதுக்குத்தான் வெளிய போறேன்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் அம்மா சாவியைப் பற்றிக் கேட்டபோது, "நான்தான் எங்கயோ வச்சுட்டேன்" என்று முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் தம்பியைத் தூக்கவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் அவன் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வான். அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு அப்படியே நிற்பார். அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. தம்பியைத் தனியே கூப்பிட்டு, "அப்பா ஒம்மேல கோவமா இருக்காரு, கிட்டப் போகாத" என்று சொல்லிவைத்தேன்.

மறுநாளிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டாலே அவன் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பார். சொன்ன பேச்சைக் கேட்கிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.