மூச்சு மிஷினோடு மதுரைக்கு

போன தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் தில்லியிலிருந்து மதுரைக்குத் தனியாக விமானம் ஏறினேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

எனக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு உண்டு. மூக்கில் மாஸ்க் மாட்டி, குழாய் வழியே காற்றை அனுப்பும் ஒரு சின்ன மிஷினோடுதான் தூங்க வேண்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு.

விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்தவர், கையில் ஒரு பைதான் கொண்டுபோகலாம், மிஷின் பையை லக்கேஜில் போடுங்கள் என்றார். பெட்டிகளோடு உருண்டு அது உடைந்தால் என் கதி? எனக்குப் பொதுவாக யாரையும் எதிர்த்துப் பேச வராது. அன்று வந்தது. 'அண்ணா, இது என் மூச்சு மிஷின்' என்று ஹிந்தியில் சொல்ல வாயெடுத்தேன்.

"பையா, யே மேரி ஸாஸ் கி மஷீன் ஹை!"

வரிசையில் குபீரென்று சிரிப்பு. ஹிந்தியில் 'ஸான்ஸ்' என்றால் மூச்சு, 'ஸாஸ்' என்றால் மாமியார். பதற்றத்தில் என் மூச்சு மிஷின் மாமியார் மிஷினாகிவிட்டது! நானும் சிரித்துவிட்டேன். ஆனால் நகரவில்லை. மருத்துவக் கருவி கைப்பைக் கணக்கில் வராது, உங்கள் மேலதிகாரியைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் வந்து பார்த்து, சரி என்று அனுப்பினார்.

பாதுகாப்புச் சோதனையில் மாஸ்க், குழாய், மிஷின் எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, இந்த முறை சரியான ஹிந்தியில் விளக்கினேன்.

உள்ளே போய் உட்கார்ந்து அண்ணனுடன் போனில் பேசி முடித்ததும், எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இளம்பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க தமிழா? எங்கப்பாக்கும் இதே மிஷின்தான். பெங்களூர்ல எனக்குப் புது வேலை, இப்ப அங்கதான் போறேன். கூட வாங்கப்பான்னா, எல்லார் முன்னாடியும் இதைத் திறந்து காட்டணும், ஷரமா, கூச்சமா இருக்குன்னு வரவே மாட்டேங்கறார். ப்ளீஸ், நீங்க பேசுங்களேன்" என்று அப்பாவுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள்.

நான் மிஷினோடு கல்யாணத்துக்குப் போவதையும், சோதனையில் அதைத் திறந்து காட்டியதையும் சொன்னேன். அவர் மெதுவாக, "எல்லாரும் பாத்தாங்களாம்மா?" என்றார்.

"பாத்தாங்க சார். பாத்துட்டு அவங்கவங்க பிளைட்டைப் பிடிக்கப் போயிட்டாங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள்.

கல்யாண மண்டபத்தில் பிளக் பாயின்ட் பக்கமாகப் பாய் விரித்து, உறவுக்காரப் பெண்களுக்கு நடுவே மாஸ்க் மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். தில்லியில் துவாரகா பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணிடமிருந்து போட்டோ வந்தது. பெங்களூர் விமான நிலைய வாசலில் அவள் அப்பா, தோளில் மிஷின் பையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

நான் பெரிதாக எதையும் சாதித்தவள் இல்லை. ஆனால் ஒரு தகப்பன் தன் மகளைப் பார்க்கப் புறப்பட்டதில் என் பேச்சுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கும்போது, இன்றும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.